வலிக்கிறது, ஆனால் அது இல்லை

யானை சிறுத்துப்போனதை முதலில் கண்டுபிடித்தது பொடிசுதான்.

மாலை நேரங்களில் அவளுடைய அப்பா அவளுக்குக் கதை சொல்வான். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அதனால் கதை முழுவதும் கைகளில்தான் நடக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி மெல்ல வளைத்தான் என்றால் அதுதான் துதிக்கை. அது எழும்பி, அலமாரியின் உச்சியைத் தடவி, கூரையில் தொங்கும் விளக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து பொடிசின் காதைப் பிடித்து இழுக்கும். அன்றைக்கு அந்தத் துதிக்கை அவன் மார்பைத் தாண்டவில்லை. முழங்கை விலாவோடு ஒட்டிக் கிடக்க, மணிக்கட்டு மட்டும் லேசாக ஆடியது.

பொடிசு எழுந்து நின்றாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் வீட்டுக்குள் அவளும் கைகளால்தான் பேசுவாள்.

"இது யானையா, எலியா?"

"குட்டி யானை."

"நேத்தும் குட்டி யானைதான். அதுக்குச் சாப்பாடே போட மாட்டியா நீ?"

கதவோரம் உட்கார்ந்திருந்த அவனுடைய அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வாரம் ஒருமுறை தம்பி வீட்டுக்கு வந்துபோவது அவள் வழக்கம். தம்பியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது கையை வலது அக்குளுக்குள் நுழைத்து, தோள்பட்டையின் பின்புறத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் கட்டடங்களுக்கு வண்ணம் அடிப்பவன். சுவர் அடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். உட்கூரை என்றால் அவனைத்தான் தேடுவார்கள். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'சீலிங்'. சாரத்தில் நின்று, தலையை அண்ணாந்து, வண்ணம் தோய்ந்த உருளையைப் பிடித்த கையை மேலே நீட்டி நீட்டி, அவன் தோளுக்குள் ஏதோ ஒன்று நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தைலம், வெந்நீர் ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. மாத்திரை போட்டால் தூக்கம் வந்தது. வலி விழித்தே இருந்தது.

தோள்வலி என்றால் மற்றவர்களுக்கு அது தோளோடு முடிந்துவிடும். அவனுக்கு அது பேச்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. கையை வீச முடியாமல் அவன் பேச்சு சுருங்கியது. 'மலை' என்று சொன்னால் மேடு மாதிரி இருந்தது. 'நேற்று' என்று தோளுக்குப் பின்னால் போகவேண்டிய கை, காதோரமே நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் கூடும் அவனுடைய நண்பர்கள், "என்னடா முணுமுணுக்கறே? வாயைத் திறந்து பேசு" என்று கைகளால் கிண்டல் செய்தார்கள். அவன் பூங்காவுக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

அக்காவுக்கு வேறொரு வருத்தமும் இருந்தது. அவளுடைய அலுவலகம் மூன்றாவது மாடியில், சாலையைப் பார்த்த ஜன்னலோரம். துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கும் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு. அந்தப் பக்கம் வேலை கிடைக்கும் நாட்களில் தம்பி எதிர் நடைபாதையில் வந்து நிற்பான். நடுவில் பேருந்துகள் உறுமிக்கொண்டு போகும். ஜன்னல் கண்ணாடி மூடியிருக்கும். ஆனாலும் இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொள்வார்கள். பக்கத்து மேசைக்காரி, "நாங்கல்லாம் கத்தினாலும் கேக்காது. நீங்க என்னடான்னா தெருவைத் தாண்டி வம்பு பேசறீங்க" என்று பொறாமைப்படுவாள். சில மாதங்களாக அவன் கீழே வந்து நிற்பதில்லை. கைபேசியில் 'சரி' என்றோ 'வரேன்' என்றோ அனுப்புவான். அவ்வளவுதான்.

எனவே, தசை வலிக்கு ஊசி போடும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்று பக்கத்து மேசைக்காரி சொன்னதும், அக்கா மறுநாளே நேரம் வாங்கிவிட்டாள்.

*

தம்பிக்கு வெளியுலகத்தோடு பேச வேண்டியிருக்கும்போதெல்லாம் அக்காதான் கூடப் போவாள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். தம்பியின் மனைவிக்கும் காது கேட்காது என்பதால் கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை. அக்கா அதில் கைதேர்ந்தவள். கடைக்காரர் சிடுசிடுத்தால், தம்பியிடம் அதைச் சாதாரணமாகச் சொல்வாள். தம்பி கோபமாக ஏதாவது சொன்னால், கடைக்காரரிடம் அதைப் பணிவாகச் சொல்வாள். இரண்டு பக்கமும் கூர் மழுங்கிப் போகும், காரியம் நடந்துவிடும். இதே திறமைக்காகத்தான் புகார்ப் பிரிவில் அவளுக்கு நல்ல பெயர். தொலைபேசியில் ஒருவர், "உங்க மெஷின் என் பொண்டாட்டி புடவையைச் சக்கையாப் பிழிஞ்சு துப்பிடுச்சு, நீங்கல்லாம் உருப்படுவீங்களா?" என்று கத்தினால், மேலாளரிடம் அவள், "வாடிக்கையாளருக்குக் கொஞ்சம் மனக்குறை சார்" என்பாள்.

மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். மேசையில் தசைகளைச் சிவப்பாக வரைந்த ஒரு பொம்மை முதுகு இருந்தது.

"என்ன பண்ணுதுன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க" என்றார்.

தம்பி இடது கையால் சொல்ல ஆரம்பித்தான். வலது கை மடியில் கிடந்தது. "ஒரு நாய். இங்க, தோள்பட்டை எலும்புக்கு அடியில படுத்திருக்கு. கையைத் தூக்கினா முழிச்சுக்கும். எலும்பைச் சுத்திக்கிட்டு முன்பக்கமா ஓடி வரும். அப்புறம் கை வழியா இறங்கிப் போய் கட்டைவிரலைக் கடிக்கும். ராத்திரியில சும்மாவே உறுமும்."

படித்த ஒரு டாக்டரம்மாவின் முன்னால் அந்த நாயை அவிழ்த்துவிட அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம் வேறு.

"தோள்ல கொஞ்சம் வலியாம் டாக்டர். கையைத் தூக்கினா கொஞ்சம் ஜாஸ்தியாகுதாம்."

மருத்துவர் பொம்மை முதுகைத் தன் பக்கம் திருப்பினார். "தசைக்குள்ள சின்ன முடிச்சு மாதிரி இறுகிப் போயிருக்கும். அதுக்குள்ள ஊசியை விட்டு, கொஞ்சம் மரத்துப்போற மருந்தும் குடுத்தா, அது தளரும். ஆனா அந்த முடிச்சு எங்க இருக்குன்னு நான் விரலாலதான் தேடணும். எங்க அழுத்தினாலும் வலிக்கத்தான் செய்யும். அது முக்கியமில்ல. அவருக்கு தினமும் வர்ற வலி இருக்கு பாருங்க, அந்த அதே வலி வந்தா, அப்பதான் எனக்குச் சொல்லணும்."

அக்கா தம்பியைப் பார்த்துத் திரும்பினாள். "அழுத்திப் பார்ப்பாங்க. வலிச்சா விரலைத் தூக்கு."

நீண்ட ஒன்றைச் சுருக்கிக் கொடுப்பதுதான் உதவி என்று அவள் நினைத்திருந்தாள்.

பரிசோதனைக் கட்டிலின் தலைமாட்டில் முகம் வைக்க வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது. ஆண் நர்ஸ் ஒருவர் தம்பியின் சட்டையைக் கழற்ற உதவி, குப்புறப் படுக்கவைத்தார். "தரையில சினிமா ஓடுதுன்னு நினைச்சுக்கச் சொல்லுங்கக்கா" என்றார். அக்கா அதைச் சொல்வதற்குள் தம்பியின் முகம் ஓட்டைக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அவனுக்கு யாருடைய கையும் தெரியவில்லை. உதடும் தெரியவில்லை. முதுகு மட்டும் வெளிச்சத்தில் இருந்தது.

மருத்துவரின் விரல்கள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அழுத்தின. தம்பியின் விரல் எழுந்தது. கொஞ்சம் தள்ளி அழுத்தினார். மறுபடியும் எழுந்தது.

"இதுவா?" என்றார் மருத்துவர்.

தம்பி தலையைத் தூக்கி, அக்காவைத் தேடி, இடது கையால் சொன்னான்: "வலிக்குது. ஆனா அது இல்லை."

"வலிக்குதாம் டாக்டர்" என்றாள் அக்கா.

ஊசி அங்கேயே இறங்கியது. தம்பி கட்டிலின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். அக்கா அவனுடைய குதிகாலைத் தடவிக்கொடுத்தாள். முடிந்ததும் மருத்துவர், "ஓரிரு நாள் போட்ட இடத்துல கன்னிப்போன மாதிரி இருக்கும். பயப்பட வேண்டாம்" என்றார்.

கன்னிப்போன மாதிரி இருந்தது. அது சரியாகிப் போனது. நாய் அப்படியே இருந்தது.

*

அடுத்த வாரம் அக்கா போனபோது வீட்டில் காற்று சரியில்லை. தம்பியின் மனைவி பாத்திரத்தைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தச் சத்தம் கேட்காது என்பதால் அது கொஞ்சம் பலமாகவே இருந்தது. பொடிசு காதைப் பொத்திக்கொண்டு ஒரு மூலையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். படத்தில் யானை ஒன்று மிகப் பெரிதாக, தாளுக்கு வெளியே கால் நீட்டிக்கொண்டு இருந்தது.

"அண்ணி, நீங்களே கேளுங்க உங்க தம்பியை" என்றாள் மனைவி, பாத்திரத்தை வைத்துவிட்டு. "இனிமே ஊசியே வேண்டாமாம். இப்படியே இருந்துடறாராம். பேசறதைக் குறைச்சுக்கறாராம். ஏற்கெனவே இவர் பேசறதைப் பார்க்கறதுக்கு எனக்கு பூதக்கண்ணாடி வேணும்."

அக்கா தம்பியின் எதிரே உட்கார்ந்தாள். "ஏன்டா? ஒரு தடவையில எல்லாருக்கும் சரியாகாது. இன்னொரு தடவை போய்ப் பார்க்கலாம். நான் பேசறேன் அவங்ககிட்ட."

"நீ பேசுவே" என்றான் தம்பி. முழங்கை விலாவில் ஒட்டியபடி, விரல்கள் மட்டும் அசைந்தன. "அதுக்காகத்தான் வேண்டாங்கறேன்."

அவளுக்குப் புரியவில்லை.

அவன் தன் வாயைச் சுட்டிக்காட்டினான். சத்தமில்லாமல், உதடுகளை முதலில் குவித்து, பிறகு விரித்து, கடைசியில் மூடினான். மறுபடியும் செய்தான். குவித்து, விரித்து, மூடினான். பார்த்துக்கொண்டிருந்த பொடிசு மூலையிலிருந்து உரக்கப் படித்தாள்:

"கொஞ்சம்!"

"நான் உன் உதட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன்" என்றான் தம்பி. "எனக்காக நீ எங்க பேசினாலும் இந்த வார்த்தை வரும். பள்ளிக்கூடத்துல வந்துச்சு. வேலை கேட்கப் போனப்ப வந்துச்சு. சரி, நல்லதுக்குத்தான் சொல்றேன்னு விட்டுட்டேன். டாக்டர்கிட்டயும் சொன்னே. நான் அவ்ளோ பெரிய நாயைச் சொன்னேன். நீ என்ன சொன்னே?"

அக்கா பார்வையைத் தாழ்த்தப் போக, அவன் அவள் முழங்காலைத் தட்டி நிமிரவைத்தான்.

"அது இல்லைன்னும் சொன்னேன். அதைச் சொன்னியா?"

"வலிக்குதுன்னு சொன்னேன்."

"வலிச்சுது. ஆனா அது இல்லை." அவன் இதைச் சொல்லும்போது, மறந்துபோய், வலது கையைப் பெரிதாக வீசிவிட்டான். வீசிய வேகத்தில் முகம் சுருங்கி, தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் மனைவி ஓடிவந்து முதுகில் கை வைத்தாள். பேசுவதற்கு இருவருக்குமே கை காலியாக இல்லை.

அக்கா எழுந்து ஜன்னலருகே போய் நின்றாள். கீழே தெருவில் ஒருவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் சொன்னதை அவள் மெல்ல நினைவுபடுத்திப் பார்த்தாள். எங்கே அழுத்தினாலும் வலிக்கும், அதே வலி வந்தால் மட்டும் சொல்ல வேண்டும். அதில் முக்கால்வாசியைத் தம்பிக்குத் தரவே இல்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவன் சொன்னதை டாக்டரிடம் தரவில்லை. டாக்டர் சொன்னதை அவனிடம் தரவில்லை. நடுவில் நின்று இரண்டையும் தானே விழுங்கியிருக்கிறாள்.

அவள் திரும்பி வந்து அவன் முன்னால் மண்டியிட்டாள். டாக்டர் சொன்ன முழுவதையும், பொம்மை முதுகு முதல் கடைசி வார்த்தை வரை, கைகளால் சொன்னாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் விரலையே தூக்கியிருக்க மாட்டேன்" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வா. நீ என்ன சொல்றியோ அதை அப்படியே சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"கெட்ட வார்த்தை சொன்னா?"

அக்கா தயங்கினாள். தம்பியின் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"அதையும் சொல்றேன்."

"எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாள் மனைவி. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு தொடங்கியிருந்தது. "அண்ணி, நீங்க கெட்ட வார்த்தை சொல்றதைப் பார்க்கறதுக்காகவே நானும் வர்றேன்."

*

இரண்டாம் முறை உட்கார்ந்ததும் அக்கா, "டாக்டர், போன தடவை நான் ஒழுங்கா சொல்லல" என்று ஆரம்பித்து, நாயை முழுதாக அவிழ்த்துவிட்டாள். எங்கே படுத்திருக்கிறது, எப்போது எழுகிறது, எந்த வழியாக ஓடி எங்கே கடிக்கிறது, எல்லாம். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"முன்பக்கம் வந்து, கை வழியா கட்டைவிரல் பக்கம் இறங்குதா? போன தடவை இதைச் சொல்லவே இல்லையே நீங்க. அப்ப நான் மேல போட்டது தப்பு. இது பின்னாடி, எலும்பு மேலயே இருக்கற தசையா இருக்கலாம். பார்ப்போம்."

ஆனால் தம்பி குப்புறப் படுத்ததும் பழைய சிக்கல் திரும்பி வந்தது. முகம் ஓட்டைக்குள் இருந்தது. அவன் தலையைத் தூக்கித் தூக்கிப் பேச முடியாது.

"ஊசி உள்ள இருக்கும்போது அசையவே கூடாது" என்றார் மருத்துவர். "அடியில நுரையீரல் இருக்கு. விளையாட்டு இல்ல."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் தம்பியின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய், தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, தரை ஜில்லுன்னு இருக்கும்" என்று பதறினார் நர்ஸ். "இருங்க, ஒரு போர்வையாவது தர்றேன்."

மேலே, வட்டமான ஓட்டைக்குள், தம்பியின் முகம் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பவனின் முகம்போலத் தெரிந்தது. கன்னங்கள் தொங்கி, மூக்கு பெருத்து, சிறுவயதில் கட்டிலிலிருந்து அவளை எட்டிப் பார்த்த அதே முகமாக இருந்தது. அவன் சிரித்தான். அவனுடைய இடது கை கட்டிலின் ஓரமாகத் தொங்கி அவள் பார்வைக்குள் வந்தது. அவள் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள்.

"தெரியுதா?"

"உன் மூக்குத் துவாரம் முழுசாத் தெரியுது."

"என் மூக்குத் துவாரம் முழுசாத் தெரியுதாம்... இல்ல, இருங்க" என்று அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து உரக்கச் சொன்னாள். "உன் மூக்குத் துவாரம் முழுசாத் தெரியுது!"

"யார் மூக்கு?" என்றார் மருத்துவர்.

"என்னோடது டாக்டர். அவன் சொல்றான். அவன் சொல்றதை அப்படியே சொல்றேன். நீங்க ஆரம்பிங்க."

மருத்துவரின் செருப்பு அணிந்த கால்கள் நகர்ந்தன. தம்பியின் முகம் லேசாகச் சுளித்தது. இடது கை பேசியது. அக்காவின் வாய் அதன் பின்னால் ஓடியது.

"வலிக்குது. ஆனா இது இல்லை."

கால்கள் ஒரு சாண் நகர்ந்தன.

"இதுவும் இல்லை. இது பக்கத்து வீட்டு நாய்."

நர்ஸ் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அங்கயும் இல்லை... கொஞ்சம் கீழ..." சொல்லிவிட்டு அக்கா உடனே கத்தினாள்: "டாக்டர், அந்தக் கொஞ்சம் என்னோடது இல்ல! அவனே சொன்னான்!"

"சரிம்மா, சரி" என்றார் மருத்துவர். விரல்கள் தோள்பட்டை எலும்பின் மேல் மெதுவாக, ஒரு சரடைத் தேடுவதுபோல நகர்ந்தன போலும். தம்பியின் கண்கள் பாதி மூடியிருந்தன. திடீரென்று அவை முழுதாகத் திறந்தன. தொங்கிய கை விறைத்தது. பிறகு அது ஒரு சொல்லைச் சொன்னது. அக்கா தன் வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லியிராத சொல். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்; அப்படி மூடினால் அவன் கை தெரியாது என்பதால் உடனே திறந்தாள். பிறகு, வெளியே பெஞ்சில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, அந்தச் சொல்லை முழுசாகச் சொன்னாள். தொடர்ந்து:

"அடிப்பாவி! அதேதான்! அதே நாய்! எழுந்துடுச்சு! முன்னாடி ஓடி வருது... கையில இறங்குது... கட்டைவிரல்! கட்டைவிரல்ல கடிக்குது!"

தம்பியின் மனைவி குனிந்து, கட்டிலுக்கு அடியில் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவின் காது சிவந்திருந்தது. மனைவி இரண்டு கைகளையும் உயரத் தூக்கி விரல்களை ஆட்டினாள். அவர்கள் உலகத்தில் கைதட்டல் அதுதான்.

"பிடிச்சுட்டேன்" என்றார் மருத்துவர், கோபமே இல்லாமல். அவர் குரலில் இருந்தது சந்தோஷம். "விரலுக்கடியில இருக்கு. இப்ப ஊசி. அசையக் கூடாது, மூச்சை மெதுவா விடணும், தசை ஒரு துள்ளு துள்ளும், அது நல்லதுதான், பயப்படக் கூடாது. இது எல்லாத்தையும் சொல்லுங்க."

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. அடியில் நுரையீரல் இருப்பதையும் சொன்னாள். அவன் பயந்தான், அதையும் டாக்டரிடம் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும் கவனமா இருக்கத் தெரியும்னு சொல்லுங்க. ஊசியைச் சாய்ச்சுத்தான் போடுவேன்."

ஊசி இறங்கியதை அவள் அவனுடைய முகத்தில் பார்த்தாள். தசை துள்ளியதையும் அங்கேதான் பார்த்தாள். அவன் வாய் திறந்து, கண்ணோரம் நீர் திரண்டு, ஒரு சொட்டு நேராகக் கீழே விழுந்தது. அது அவளுடைய நெற்றியில் பட்டது. அவள் அதைத் துடைக்கவில்லை, கைகள் பேசிக்கொண்டிருந்தன. "விடு, மூச்சை விடு, இன்னும் ஒண்ணுதானாம், நான் இங்கதான் இருக்கேன்." கடைசிச் சொற்கள் மட்டும் அவளுடையவை.

பிறகு அவனுடைய இடது கை மெல்ல அசைந்தது.

"உக்கார்ந்துடுச்சு" என்றாள் அக்கா மேலே இருப்பவர்களிடம். "நாய் உக்கார்ந்துடுச்சு."

*

மருத்துவர் அவனை உட்காரவைத்து, கையை முன்னால், குறுக்கே, மேலே என்று மெதுவாக நீட்டவைத்தார். தோளுக்கு மேல் போனது. நின்றது. இன்னும் சற்றுப் போனது.

"இதோட போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்க" என்றார். "சில வாரம் நல்லா இருக்கும். திரும்பி வரலாம், வந்தா வாங்க. இந்தப் பயிற்சியைத் தினமும் செய்யணும். இதே மாதிரி அண்ணாந்துக்கிட்டே நின்னா அடுத்த முடிச்சு ரெடி. உருளைக்கு நீளமா கம்பு போட்டுக்கட்டும், நடுவுல நடுவுல கையை இறக்கட்டும். ரெண்டு நாள் வேலைக்குப் போகக் கூடாது."

அக்கா அத்தனையையும் கைகளுக்கு மாற்றினாள். பிறகு தம்பியின் கை சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "நான் அந்த வார்த்தை சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க."

"எந்த வார்த்தை?" என்றார் மருத்துவர். "எனக்கு வேண்டிய வார்த்தையே அதுதானே."

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் அனைவரும் அக்காவையே பார்த்தார்கள். ஒரு பெரியவர் தன் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அக்கா சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், படிகளில் வேகமாக இறங்கினாள்.

*

சில நாட்கள் கழித்து, மதியம், அலுவலகத்தில் அக்கா தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் ஒருவர் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய இயந்திரம் துணி துவைக்கும்போது குளியலறையை விட்டு நடந்து, கூடத்துக்கே வந்துவிடுகிறதாம்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ அசைந்தது. எதிர் நடைபாதையில், வண்ண வாளியைக் காலருகே வைத்துக்கொண்டு, தம்பி நின்றிருந்தான். புதிதாக வாங்கிய நீளக் கம்பு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பேருந்து இருவருக்கும் நடுவே வந்து, நின்று, போனது. அது போனதும் அவன் வலது கையைத் தூக்கினான். கை தோளைத் தாண்டி, காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய், அங்கே வளைந்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"நாய் தூங்குது" என்றான் அவன், தெரு முழுக்கப் படிக்கும் அளவில். "காலையில மட்டும் ஒரு தடவை உறுமிச்சு."

"அப்புறம்?" ஒரு கையால் கேட்டாள் அக்கா.

"அப்புறம் ஒரு பிரச்சினை. நேத்து சாயங்காலம் யானை கூரை விளக்கைத் தட்டி உடைச்சுடுச்சு. பொடிசுக்கு ஒரே கொண்டாட்டம். அவ அம்மா நேத்திலேர்ந்து என்கிட்ட பேசாம கையைக் கட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கா." அவன் வாளியைத் தாண்டி ஓரடி முன்னால் வந்தான். "நீ இன்னிக்கு வீட்டுக்கு வா. விளக்கு கொஞ்சம்தான் உடைஞ்சதுன்னு அவகிட்ட சொல்லு. நீ சொன்னா நம்புவா."

அவன் முகத்தைப் பார்த்தால் கிண்டல் செய்கிறானா, நிஜமாகவே உதவி கேட்கிறானா என்று தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

"ஹலோ? ஹலோ? மேடம், இருக்கீங்களா?" என்றது காதருகே குரல்.

"ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு, அக்கா தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். பக்கத்து மேசைக்காரி நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள். அக்கா ஜன்னலின் நடுவே வந்து நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் விரித்துச் சொன்னாள்:

"மாட்டேன். சுக்கு நூறா உடைஞ்சதுன்னுதான் சொல்லுவேன்."

கீழே தெருவில் நடந்துபோன ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்தார். தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். வலது கையைத்தான் வைத்தான். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, பார்வையை எடுக்காமல், தொலைபேசியைத் தடவி எடுத்தாள்.

"சொல்லுங்க சார்" என்றாள். "கூடம் வரைக்கும் வந்துடுதா? அப்புறம் என்ன பண்ணுது?"